சதுப்புக்கு ரெண்டு விசில்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

மேட்டு வீட்டிலிருந்து, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் உங்கள் மகனுக்குப் பெண் கொடுக்கவிருப்பவனுமாகிய நான் எழுதுவது. 'கொடுக்கவிருந்தவன்' என்று திருத்திப் படித்துவிடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கத்தான் எனக்கு முகமில்லை. உங்கள் மெத்தைக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற சேதி வந்து சேர்ந்தது. பின்னாலேயே கல்யாணத் தரகரும் வந்து, "சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டு வரச் சொன்னாரு" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார். என் மகள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எல்லாம் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணால் வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளக் கம்பி ஒன்றை எடுத்துவந்து, எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் சதுப்பை அங்கங்கே குத்திப் பார்த்தாள். என் வீட்டுக்காரியின் செருப்பை விழுங்கியதைத் தவிர அந்தச் சேறு வேறெதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. அவளோ, "ஐயா, இத வெறும் சேறுன்னு நினைக்காதீங்க. இந்த மேடு கீழ இருக்கிற ஊருக்கே உழைக்குது. புல்லு மண்ணப் பிடிச்சு நிறுத்துது. இங்க இருக்கிற தேனீ போய்த்தான் கீழ தோட்டமெல்லாம் காய்க்குது. காத்து சுத்தமாகுது. எல்லாத்துக்கும் மேல, பெய்யுற மழைய இந்தச் சதுப்பு உறிஞ்சி வச்சுக்கிட்டு, மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா அனுப்புது" என்றாள். மற்றதெல்லாம் சரி சம்பந்தி, அந்த 'மெதுவா'தான் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. சாமான் மூட்டையோடு ஏறுகிற ஆளைக்கூட ஒரு நொடி நிற்கவிடாமல் உள்ளே தள்ளியவன் நான். இந்த மழையோ ஏறுகிறது, சொகுசாக உட்காருகிறது, இறங்குகிற எண்ணமே இல்லை! அடுத்த மழையும் வந்து அதன் மடியிலேயே உட்காருகிறது. கீழே ஊரே குடத்தோடு குழாயடியில் காத்துக்கிடக்கிறது. இதைக் கேட்க நாதியில்லையா? சந்தேகம் கேட்கலாமென்றால் அந்தப் பெண் அடுத்த மலைக்குக் கிளம்பிவிட்டாள்.

முதலில் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். பழைய விசிலை எடுத்துக்கொண்டு போய்ச் சதுப்போரம் நின்று ரெண்டு ஊதல் ஊதினேன். ஒரு தவளை மட்டும் நகர்ந்தது. "வேலை போனாலும் வியாதி போகலையே! அது பாட்டுக்குக் கிடக்குறத எதுக்கு நோண்டுறீங்க?" என்று வீட்டுக்காரி கத்தினாள். நல்லது சொன்னால் நான் என்றைக்குக் கேட்டேன்? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சதுப்பின் நடுவிலிருந்து உங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடைவரை, வளைவு நெளிவு இல்லாமல், யார் துணையும் இல்லாமல், ஒண்டி ஆளாக ஒரு வாய்க்கால் வெட்டினேன். இடையில் எந்த நிறுத்தமும் கிடையாது. ஊர்க்காரர்கள் கூடி எனக்கு மாலை போடுவார்கள் என்றுகூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மழை பிடித்தது. வாய்க்கால் தலைப்பில் குடையோடு நின்று, "ரைட், ரைட்!" என்று நான் கொடுத்த குரலில் தண்ணீர் கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போனது போய் எங்கே இறங்கியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மெத்தைகள் தண்ணீரைக் குடித்து ஊதி, கதவு வழியே வெளியே வராமல்போக, கடைசியில் கடையின் முன்சுவரையே இடித்து எடுத்தீர்களாமே, கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேதி கேட்டு ஓடிவந்த ஆராய்ச்சிக்காரப் பெண் என் வாய்க்காலைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கீழே உங்கள் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, சதுப்பு பார்த்த வேலைய இப்ப உங்க சம்பந்தியோட மெத்தைங்க பார்க்குது. உறிஞ்சி வச்சுக்கிட்டு மெதுவா விடுது. தெரு இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு" என்றாள். கம்பியால் ஒரு மெத்தையைக் குத்தியும் பார்த்தாளாம். உங்கள் சரக்கின் தரத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எங்கள் கதையையும் கேளுங்கள். சதுப்பு காய்ந்து அப்பளமாகிவிட்டது. வீட்டுப் பின்னால் வற்றாத ஊற்று வற்றிவிட்டது. பூ இல்லையென்று தேனீக்கள் கோபித்துக்கொண்டு சமையலறை சர்க்கரை டப்பாவில் குடியேறிவிட்டன. பிடிப்பில்லாத மண் நேற்று எங்கள் கக்கூஸுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. குளிக்கத் தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரி, "சம்பந்தி கடையில போய் மெத்தையப் பிழிஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க" என்கிறாள்.

தப்பு முழுக்க என்னுடையது சம்பந்தி. என்னை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேளுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? உங்கள் மகன் சொக்கத் தங்கம், என் கிறுக்கில் அவருக்கு எள்ளளவும் பங்கில்லை. கிழவன் செய்த கூத்துக்காக அந்த ரெண்டு பேரையும் பாதி வழியில் இறக்கிவிடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மெத்தைகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
மேட்டு வீட்டுக் கண்டக்டர்

பி.கு.: உறை ஒட்டுமுன் என் மகள் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "ஏம்ப்பா, குனிஞ்சு செருப்பு மாட்டவே முடியாத ஆளு நீங்க, ஒண்டியா வாய்க்கால் வெட்டினேன்னு எழுதினா அவரு நம்புவாரா?" என்றாள். ஆகவே உண்மையை எழுதுகிறேன். நான் விசில்தான் ஊதினேன். வெட்டியது உங்கள் மகன். வாரம் தவறாமல் நல்ல காற்று வாங்க மேட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாரே, அது இந்தக் காற்றுதான். வெள்ளம் வந்ததிலிருந்து பிள்ளையைக் காணோம் என்று நீங்கள் தேடுவதாகத் தெரிகிறது. தேட வேண்டாம், இங்கே முழங்காலளவு மண்ணில் நிற்கிறார். வெட்டியவர் வாய்க்காலை மூடாமல் வீட்டுக்குப் போகக் கூடாதென்று என் மகள் சொல்லிவிட்டாள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் பேச்சைத்தான் கேட்கிறார். இனி கல்யாணத்தை நிறுத்துவதானால், தயவுசெய்து அவளிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.