ஒரு தடவை வீடு வாங்கியவர்

பத்து வீடு வாங்கி விற்றவரால் நமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவர் வாயே திறக்க மாட்டார். வீடே வாங்காதவரும் பரம சாது, தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வீடு வாங்கியவர், அவரைக் கண்டால்தான் ஒதுங்கிப் போக வேண்டும். எங்கள் லாட்டன் ஊரில் ராணுவ முகாம் இருக்கிறது. படையில் இருந்தவர்களுக்கு முன்பணம் கேட்காமல், அரசாங்கத்தின் உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைக்கிறது. ஆகவே இந்த இனம் இங்கே தெருவுக்கு நாலு பேராவது தேறும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்லைப்புறத்தில், இறைச்சி சுடும் அடுப்பின் முன்னால், கையில் நீள இடுக்கியோடு நிற்பார். 'வட்டி' என்ற சொல் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டால் போதும், இறைச்சி கருகுவதையும் மறந்து, இடுக்கியை ஆட்டிக்கொண்டே அங்கே போய் நிற்பார். தான் வாங்கிய விலை, வட்டி, கையெழுத்துப் போட்ட அன்று பெய்த மழை, எல்லாவற்றையும் ஒப்பிப்பார். இதெல்லாம் எப்போது நடந்தது? இருபது வருஷத்துக்கு முன்னால். அதனால் என்ன? வீட்டுக் கடன் சட்டங்கள் அவருக்காகவே அன்றோடு நின்றுவிட்டன.

டார்லா ப்ரூயிட்டுக்கு வாய்த்தவர் வெர்னன் டட்டில், அக்கா லொரெட்டாவின் கணவர். டார்லா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். அவள் புருஷன் கர்ட்டிஸ் ஆறு வருஷம் படையில் இருந்துவிட்டு வந்து எரிவாயு லாரி ஓட்டுகிறான். வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தே ஆக வேண்டும். பின்னால் பெக்கன் என்ற கொட்டை மரம் நிற்கும் மூன்று அறை வீடு ஒன்றுக்கு விலை பேசி, கடனும் தயாராகிக்கொண்டிருந்தது. டார்லா பிள்ளைகளுக்கு அறையைக்கூடப் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

"அத்தான், பத்திரச் செலவுன்னு தனியா ஒரு ஏழாயிரம் டாலர் ஆகும்னு கடன் குடுக்கிறவங்க எழுதியிருக்காங்களே?"

வெர்னன் சிரித்த சிரிப்பில் அடுப்புப் புகையே விலகிப் போயிற்று. "அட, அரசாங்கக் கடன்மா இது! அது சும்மா பயமுறுத்துறதுக்கு அனுப்புறது. கடைசில எல்லாம் விக்கிறவன் தலையில போயிடும். நான் கையெழுத்துப் போடப் போனப்ப என்ன எடுத்துட்டுப் போனேன் தெரியுமா? ஒரு பேனா!"

"விக்கிறவங்ககிட்ட அத முன்னாடியே பேசிக்கணுமோ, சகலை?" என்று கர்ட்டிஸ் மெதுவாகக் கேட்டான்.

"பேசிக் கெடுத்துடாதீங்க. தானா நடக்கும்."

அதோடு விட்டாரா? நல்ல ஆலோசகர் பாதியில் விடுவதில்லை. கையெழுத்து ஆகும்வரை எந்தச் சாமானையும் கடனில் வாங்கக் கூடாது, வாங்கினால் வீட்டுக் கடனே கவிழ்ந்துவிடும் என்று விரல் நீட்டி எச்சரித்தார். நூற்றுக்கு நூறு சரியான எச்சரிக்கை. அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான், அதுதான் அவர்களைக் கவிழ்த்தது. கடனில் வாங்கக் கூடாது என்றால் ரொக்கத்தில் வாங்கலாம் அல்லவா? செலவுதான் ஒன்றும் இல்லையே! இருந்த எட்டாயிரத்தில் ஐயாயிரத்தைக் கொடுத்து, காலை நீட்டிச் சாயும் தோல் சோபா ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினார்கள். தள்ளுபடி சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை.

கையெழுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கடன் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏழாயிரத்துச் சொச்சம் கொண்டு வர வேண்டும்.

"முன்பணம் வேண்டாம்னுதானே சொன்னீங்க?" என்றாள் டார்லா.

"முன்பணம் வேண்டாங்க. ஆனா வீட்டுக்கு மதிப்புப் போட்டவருக்குக் கூலி, பத்திரத்துக்குக் காப்பீடு, வீட்டுக்கு ஒரு வருஷக் காப்பீடு, வரிக்கு முன்கூட்டியே சில மாசப் பணம், இதெல்லாம் இருக்கே. அரசாங்கம் உங்க கடனுக்குத்தான் ஜாமீன் நிக்குது. செலவுக்கு இல்ல."

"விக்கிறவங்க கட்டிருவாங்கன்னு..."

"ஒப்பந்தம் போடும்போதே கேட்டிருந்தா ஒருவேளை கட்டியிருப்பாங்க. நீங்க கேக்கவே இல்லையேம்மா."

டார்லா அந்தப் புது சோபாவில் உட்கார்ந்து அழுதாள். அழுவதற்கு வசதியாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

வெர்னன் அசரவில்லை. "காலம் கெட்டுப்போச்சு. எங்க காலத்துல இப்படியா? நான் வெறும் பேனா..."

சமையலறையிலிருந்து லொரெட்டா வந்து நின்றாள். "பேனா எடுத்துட்டுப் போனது நெசந்தான். செக்கு என் கைப்பையில இருந்துச்சு. மருத்துவமனையில துணி வெளுத்துச் சம்பாதிச்ச நாலாயிரம் டாலர். நீங்க அப்ப வெளி மேசையில ஓசி டோனட் தின்னுட்டு இருந்தீங்க."



"இத ஏன் நீ என்கிட்ட இவ்வளவு நாளா சொல்லல?" என்றார் வெர்னன்.

"நீங்க எப்பங்க பேச்ச நிறுத்துனீங்க, நான் சொல்றதுக்கு?"

அன்றைக்கே லொரெட்டா ஒரு முடிவு செய்தாள். மீன்பிடி படகுக்குப் புது இயந்திரம் வாங்க வெர்னன் சேர்த்து வைத்திருந்த பணம் தங்கை வீட்டுக்குப் போகும். ஆனால் சொந்தக்காரர் பணம் தந்தால், அது அன்பளிப்பு, கடன் இல்லை, திருப்பி எதிர்பார்க்கவில்லை என்று தந்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடன் அலுவலகத்தின் விதி அது. வெர்னன் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார்.

"திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதியே தரணுமா? மனசுல எதிர்பார்த்தா?"

"மனசுலயும் கூடாது. போடுங்க," என்றாள் லொரெட்டா.

போட்டார். பெக்கன் மரத்து வீட்டின் சாவி டார்லா கைக்கு வந்தது. அவள் காருக்குள் உட்கார்ந்து அக்காவைக் கட்டிக்கொண்டு விட்ட மூச்சை நான் இங்கே எழுதிக் காட்ட முடியாது.

வெர்னன் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அடுத்த ஞாயிறே பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து, "அன்பளிப்புக் கடிதம்னு ஒண்ணு இருக்கு, இந்த ஊர்ல யாருக்குமே தெரியாது" என்று ஆரம்பித்துவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறுவாரம் பல் மருத்துவமனையில், வீடு பார்த்துக்கொண்டிருக்கும் மிஸ்டி என்ற உதவியாளர் பெண் பத்திரச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டபோது, டார்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இதுல பயப்பட ஒண்ணுமே இல்லடி. அக்காகிட்ட ஒரு கடிதம் வாங்கு, முடிஞ்சது வேலை" என்றாள். மிஸ்டிக்கு அக்காவே கிடையாது.

சரி, இதைப் படிக்கும் நீங்கள் இதுவரை எத்தனை வீடு வாங்கியிருக்கிறீர்கள்? ஒன்றுதானா? ஏழாயிரம் என்ற இடத்தில், 'நமக்கு அவ்வளவு ஆகலையே, இவங்களுக்கு விவரம் பத்தாது' என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.