உள்ளது மிஸ்ஸி

நோயாளியின் முகத்தைப் பார்த்து "நீ பிழைக்க மாட்டாய்" என்று சொல்லிவிட்டு, ஒரு அடியும் வாங்காமல் ஆறு வருடம் வேலை பார்த்த தாதி உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க வேண்டும். அவர் கல்முனைக் கரையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர், சாய்ந்தமருதுக்காரன். அவர் மட்டக்களப்பிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்மணி. நாற்பது தாண்டியவர், கலியாணம் செய்யாதவர். சிரித்து ஒருவரும் கண்டதில்லை. எதைச் சொன்னாலும் "உள்ளதச் சொன்னா" என்றுதான் தொடங்குவார். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்போம்; வந்த மாதமே உள்ளது மிஸ்ஸி ஆகிவிட்டார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஊசி போடும்போது மற்றத் தாதிமார் எறும்புக் கடி போல இருக்கும் என்பார்கள். இவர் ஊசியைத் தூக்கிக் காட்டி, "உள்ளதச் சொன்னா, நோகும். நல்லா நோகும்" என்பார். மருதமுனை நெசவாளி ஒருவர் அதைக் கேட்டதும் கட்டிலை விட்டுக் குதித்து ஓடினார். ஆஸ்பத்திரிச் சாரனோடு அவரைத் தறிக்குப் பின்னால் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். எங்களுக்கெல்லாம் மேலாளாக இருந்து வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, எறும்பு கடிச்ச மாதிரி எண்டு சொன்னா உங்கட வாய் தேஞ்சா போயிரும்?"

"இப்பிடிக் கடிக்கிற எறும்பு இருந்தா இந்த ஊரில ஆரும் குடியிருக்க மாட்டாங்க ஐயா."

மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு போடியார் கால் வீங்கி வந்து படுத்திருந்தார். பெரிய வயற்காரர். ஆஸ்பத்திரியையே விலைக்குக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

"மிஸ்ஸி, இந்த வெள்ளாமைய நான் வெட்டுவேனா?"

"உள்ளதச் சொன்னா, விதைப்பீங்க. வெட்டுறது உங்கட மகன்."

போடியார் அன்றைக்கே வண்டி கட்டி வீட்டுக்குப் போய்விட்டார். கோபத்திலேயே வீக்கம் வற்றியதோ என்னவோ, அந்த வெள்ளாமையையும் வெட்டினார், அதற்கடுத்த இரண்டையும் வெட்டினார். ஒவ்வொரு அறுவடையும் முடிந்ததும் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "மிஸ்ஸீ! வெட்டிட்டன்!" என்று கூவுவார். மிஸ்ஸி யன்னலால் எட்டிப் பார்த்து, "நல்ல சந்தோசம். நான் பிழையாச் சொல்லிட்டன். ஆனா பொய் சொல்லல்ல" என்பார்.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை ஒன்று நடந்தது. மருந்து வராத மாதங்கள் அப்போது அடிக்கடி உண்டு. அந்த நாட்களில் தண்ணீரில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் இனிப்பும் கலந்து போத்தலில் ஊற்றிக் கொடுப்பேன். வேறு என்ன செய்வது? ஒரு வயதான மீன்காரர் அந்தப் போத்தலை மிஸ்ஸியிடம் நீட்டி நல்ல மருந்தா என்று கேட்டுவிட்டார்.

"உள்ளதச் சொன்னா, கலர்த் தண்ணி. தாகத்துக்கு நல்லம்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நம்பிக் குடிச்சா மனசுக்காவது ஒரு சுகம் வரும் மிஸ்ஸி. ஏன் கெடுக்கிறீங்க?"

"தம்பி, சொல்லாமக் கொள்ளாம மருந்து பருக்கிறது மாட்டுக்குத்தான். மனிசன ஆண்டவர் தன்ட சாயலில படைச்சிருக்கார். நான் அந்தச் சாயல ஏமாத்தினா ஆர ஏமாத்துறன்?"

"எங்கட மார்க்கத்திலயும் பொய் ஹராம்தான். ஆனா மருந்தில்லாத ஆஸ்பத்திரியில வேற என்னத்தக் குடுக்கிற?"

"மருந்தில்ல எண்டு சொல்லுங்க. சொல்லிப்போட்டுப் பக்கத்தில இருங்க. சொல்லிப்போட்டு ஓடுறதுதான் பாவம்."

அவர் ஓடியதில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். பிழைக்க மாட்டாய் என்று யாருக்குச் சொன்னாரோ, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உடம்பைத் துடைப்பார், வாயை நனைப்பார். உயிர் போகும் நேரத்தில் கலிமா சொல்லிக் கொடுக்க ஆளில்லாத ஒருவருக்காக என்னை மருந்தறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார். அதனால்தான் யாரும் அவரை அடிக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவர் "பிழைப்பாய்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அழுகை நின்று அடுப்பு எரியும். அப்படி ஒரு வாக்கு ஊரில் வேறு யாரிடமும் இருக்கவில்லை.

அந்த வாக்கு உடைந்த கதைதான் இனி.

சாய்ந்தமருதிலிருந்து சுலைஹா என்ற இளம்பெண்ணைக் கொண்டு வந்தார்கள். முதல் பிரசவம். புருஷன் கோமாரிப் பக்கம் மீன்பிடிக்கப் போயிருந்தான். கூட வந்தது அவளுடைய உம்மா மட்டும். இரண்டு நாள் வீட்டிலேயே வலியில் கிடந்து வந்தவள். குழந்தை இறந்து பிறந்தது, ஆண் குழந்தை. அவள் மயக்கத்தில் கிடந்தபோதே உறவுக்காரர்கள் வந்து எடுத்துப்போய் அடக்கிவிட்டார்கள்.

மறுநாள் சுலைஹாவுக்குக் காய்ச்சல் அனலாய் எரிந்தது. ஆஸ்பத்திரியில் பெனிசிலின் இருந்ததே கொஞ்சம். அப்போதிக்கரி ஐயா மிஸ்ஸியைத் தனியே கூப்பிட்டு, "இப்ப சொன்னா மனச விட்டிருவாள். காய்ச்சல் இறங்கும் மட்டும் வாயத் திறக்காதீங்க" என்றார். உம்மா மிஸ்ஸியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு மகள் மிஸ்ஸி. அல்லாஹ்வுக்காக ஒரு பொய் சொல்லுங்க."

மிஸ்ஸி கையை விடுவித்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனார்.

நான் மருந்துக் குவளையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். சுலைஹா கண்ணைத் திறந்தாள்.

"எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்காங்க மிஸ்ஸி. எனக்குப் பயமா இரிக்கி. நீங்க சொல்லுங்க. புள்ள எங்க?"

மிஸ்ஸியின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.

"நித்திரை, மகள்" என்றார்.

சுலைஹா சிரித்தாள். என் கையிலிருந்த மருந்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

சற்று நேரத்தில் மிஸ்ஸி மருந்தறைக்கு வந்து நின்றார். "எங்கட ஆண்டவரும் ஒரு செத்த பிள்ளையப் பார்த்து நித்திரை எண்டுதான் சொன்னார். நான் பொய் சொல்லல்ல தம்பி."

"அப்ப ஏன் மிஸ்ஸி என்னிட்ட வந்து சொல்லுறீங்க?"

"அவர் சொல்லிப்போட்டு எழுப்பிவிட்டார். என்னால எழுப்ப ஏலாது."

ஐந்து நாள் அந்த நித்திரை தொடர்ந்தது. ஒவ்வொரு நாளும் சுலைஹா கேட்பாள். காய்ச்சல்காரிக்குப் பக்கத்தில் குழந்தையை விடக்கூடாது என்று உம்மா சொல்லிச் சமாளிப்பார். சுலைஹா அதை நம்பாமல் மிஸ்ஸியைப் பார்ப்பாள். மிஸ்ஸி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை அவள் நம்பினாள். காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அப்போதிக்கரி ஐயா என் முதுகில் தட்டி, "பாத்தியா, பெனிசிலினால பாதி, மிஸ்ஸியால பாதி" என்றார்.

ஐந்தாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் துடித்து, "புள்ளையக் கொண்டாங்க மிஸ்ஸி, எழுப்பிக் கொண்டாங்க" என்று அழுதாள். மிஸ்ஸி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளதைச் சொன்னார்.

வாட்டு முழுவதும் கேட்கும்படி அலறுவாள் என்று நாங்கள் வாசலில் நின்றோம். அவள் அலறவில்லை.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க எண்டுதான் உங்களிட்டக் கேட்டன்" என்றாள். "மத்தவங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மிஸ்ஸி அந்த முக்காலியிலேயே இருந்தார். அவள் திரும்பவே இல்லை. அதற்கு மூன்றாம் நாள் உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனாள். உம்மா மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்து, "நீங்க அந்தப் பொய்யச் சொன்னதாலதான் என்ட மகள் உசிரோட இரிக்காள்" என்றார்.

"அவளுக்கு அப்பிடித் தெரியல்லயே உம்மா."

அதற்குப் பிறகு மிஸ்ஸி மற்ற எல்லாத் தாதிமாரையும் போல ஆனார். யார் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்ல, சுகமாகும்" என்ற ஒரே பதில். அப்போதிக்கரி ஐயாவுக்கு முதலில் நிம்மதி. ஆனால் நோயாளிகள் நடுங்கிப் போனார்கள். "உள்ளது மிஸ்ஸியே ஒண்டுமில்ல எண்டு சொல்லுறா, அப்ப என்ட கதை முடிஞ்சுது" என்று வெறும் வயிற்றுவலிக்காரர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக் காணியைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் வலி நின்றது. காணி திரும்பக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த வருடம் அவராகவே இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருடைய ட்ரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான். "சுலைஹாவுக்கு உண்மையத்தான் சொல்லியிருக்க வேணுமா மிஸ்ஸி?" என்று கேட்டேன். பஸ் நகரத் தொடங்கியதும் யன்னலால் எட்டிப் பார்த்தார். "தெரியாது தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சில வருடம் கழித்து என் மனைவியைப் பிரசவத்துக்காக வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த தாதி, நல்ல பிள்ளை, அழகாகச் சிரித்து, "ஒண்டும் யோசிக்காதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து அந்தச் சிரிக்காத முகம் ஒருமுறை வெளியே வராதா என்று இருந்தது.