நான்கெல்லை பார்க்காமல் பிரித்த பாகம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் என் பெண் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கம்ப்யூட்டரின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் அத்தை காதில் விழுந்துவிடும். ஆகவே மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

போன முறை வந்தபோது, இதைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரும் வேகமாக ஓடும் என்று லினக்ஸ் இருந்த பென் டிரைவை மேசை டிராயரில் வைத்துவிட்டு, "அடுத்த தடவை நானே போட்டுத் தர்றேன் மாமா, நீங்க மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிப் போனீர்கள். தொடாதே என்று சொன்னால் என் கை சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அத்தை வேறு, ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நல்லது செய்வோம் என்றுதான் ஆரம்பித்தேன், சத்தியமாக. ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டும் என்று திரையில் வந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நில அளவைத் துறையில் காலமெல்லாம் சங்கிலி பிடித்து, அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்கிற நடுவில் நின்று பாகம் பிரித்தவனிடம் ஒரு பெட்டி பாகம் பிரிக்கச் சொல்கிறது, பிரித்துக் காட்டுவோம் என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

டிஸ்க்கில் ஏற்கெனவே நான்கு பாகம் இருந்தது. மிச்சமெல்லாம் காலி மனை. ஆனால் அந்தக் காலி இடத்தில் ஐந்தாவதாக ஒன்று போடப் போனால், இந்த இடத்தைப் பயன்படுத்த முடியாது என்று செய்தி வந்தது. இடம் கண்ணெதிரே கிடக்கிறது, பத்திரம் மட்டும் பதிய மாட்டார்களாம், இது எந்த ஊர் நியாயம் மாப்பிள்ளை? கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். பழைய முறையில் அமைத்த டிஸ்க்கில் நான்குக்கு மேல் கூடாதாம். ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் காலி இடத்தையும் சேர்த்து ஒரே பெரிய பாகமாக்கினால், அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாமாம். "ஆனா எதை எடுக்கறீங்கன்னு பாத்துட்டு எடுங்க சார்" என்றார். யாரிடம் வந்து பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

நான்கில் கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்று, பழுது வந்தால் சரிசெய்ய என்று கம்பெனிக்காரர்களே ஒதுக்கி வைத்தது. மற்றது அத்தையுடையது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, உனக்கு எதற்கு நிறைய இடம் என்று அவளுக்கு ஒரு மூலையை மட்டும் ஒதுக்கச் சொன்னவன் நான்தான். அத்தனை காலி மனை கிடக்கும்போது அவளுக்குக் கொடுத்தது ஒரு கொல்லைப்புறம். பெயர் ஒன்றும் திரையில் இல்லை, பரப்பு மட்டும்தான் இருந்தது. பரப்பைப் பார்த்து நிலத்தை முடிவு செய்யாதே, நான்கு பக்கமும் யார் நிலம் என்று நான்கெல்லையைப் பார் என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் தொண்டை வற்றக் கத்தியவன், வேண்டாததைத்தானே கடைசியில் போடுவார்கள் என்று நினைத்துக் கடைசியில் இருந்ததை அழித்தேன்.

அதற்குப் பிறகும் அது விடவில்லை. மூல பாகம் எது என்று குறிக்கவில்லை என்று திருப்பி அனுப்பியது. எதைக் குறிப்பது என்று தேடினால், ஒரு சாய்கோடு மட்டும் போட வேண்டுமாம். சர்வே எண்ணுக்கும் உட்பிரிவு எண்ணுக்கும் நடுவே சாய்கோடு போட்டிருக்கிறேன். முன்னாலும் எண் இல்லாமல் பின்னாலும் எண் இல்லாமல் மொட்டையாக ஒரு சாய்கோட்டை என் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. போட்டேன். எல்லாம் ஏறியது. திரை பளிச்சென்று வந்தது. பெருமையோடு அத்தையைக் கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

அவள் அங்கே இங்கே தேடிவிட்டு, "என் இடம் எங்கே?" என்று கேட்டாள். நான் அழித்தது அவளுடைய பாகத்தை. அப்போதுதான் தெரிந்தது மாப்பிள்ளை, அவள் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தாளாம். சமையல் முடித்து மதியம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது அதுதானாம். நான் சீட்டாட்டம் ஆடுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "இத்தனை நாளா இந்த நாற்காலியில உட்கார்ந்து என்ன தட்டறேன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். கேட்டதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

மேலே எதுவும் எழுதாமல் வைத்திருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம் என்று கடைக்காரர் சொன்னதால், பெட்டியை அணைத்துத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். பரிகாரமாக, அவள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். கதை நன்றாகவே இருக்கிறது. அதில் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் வருகிறார். கொஞ்சம் முசுடு, ஆனால் ஆள் மோசமில்லை. அவருக்கு என்ன ஆகும் என்று கேட்டால், "குறுக்கே பேசாம எழுதுங்க, வரும்" என்கிறாள். ஆனால் ஞாபகத்தில் எவ்வளவுதான் வரும்? நீங்கள் எப்படியாவது லீவு போட்டு வந்து அந்த டிஸ்க்கிலிருந்து அவள் எழுதியதை மீட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் காலில் விழ மாமனாருக்கு வழக்கமில்லை, விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு என் அன்பு. இருவரும் ஒருவர் செய்வதை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பாப்பா போன் செய்தாள். அத்தை ஒவ்வொரு அத்தியாயமும் முடித்த கையோடு உங்களுக்கு அனுப்பிவிடுவாளாமே, முழுக் கதையும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதாமே. இது அத்தைக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் என்னை எதிரே உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம், டிஸ்க் கிடக்கட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் மூச்சு விட வேண்டாம். இன்னொன்றும் பாப்பா சொன்னாள். உங்களிடம் இருக்கும் கதையில் அந்த அளவையர் முதல் பக்கத்திலேயே பிணமாகக் கிடக்கிறாராம். இங்கே மூன்றாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறோம், மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நேற்று அவருக்குக் காபி கூடக் கொடுத்தாள். தயவுசெய்து பழைய பிரதியை அனுப்பிவிடாதீர்கள்.