தென்கிழக்கில் ஒரு சூரியன்

சூரியனை அதன் இடத்தில் நிறுத்தியே தீருவேன் என்று மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே சண்டை போட்டவர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் காக்களூர் வரைபட அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி. பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. நாங்கள் கூப்பிட்டது 'வெயில்'.

நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணினிப் படத்தில் காட்ட ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் பூசுவோம். வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது படத்தின் இடது மேல் மூலையிலிருந்து விழ வேண்டும். கண்ணுக்கு அதுதான் பழக்கம். வெயிலுக்கோ அது பச்சைப் பொய்.

"காலைல வடமேற்குல சூரியனப் பாத்தவன் ஒருத்தன இட்டுக்கினு வா சார், நான் வேலைய உட்டுர்றேன்."

"தென்கிழக்குல வெச்சா பள்ளம் மேடாத் தெரியும்பா" என்பார் எங்கள் முதலாளி.

"கண்ண மாத்திக்கச் சொல்லு. சூரியன் இன்னா பண்ணுச்சு?"

சாப்பாட்டுக் கேரியரை ஜன்னலோரம் வைத்து அதன் நிழலைத் திசைகாட்டியோடு அளப்பார். அளந்து முடிப்பதற்குள் சாம்பார் ஆறி, புளித்தே போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு. மழைநீர்க் கால்வாயை எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஒரு நாள் சாயங்காலம் அதிகாரி எங்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அன்று காலை படத்தை வாங்க அந்த வார்டு உறுப்பினர் செல்வி வந்தார். வெயிலின் தென்கிழக்குச் சூரியன் புண்ணியத்தில் குடியிருப்பு குன்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இன்னாண்ணா, எங்க ஊடு மலை மேல கீது?"

"தலகீழா புடிச்சுப் பாரும்மா, சரியாத் தெரியும்" என்றார் வெயில்.

"ஆபீசர் இன்னா தலகீழாவா நிப்பாரு? மலை மேல கீறவங்களுக்குக் கால்வா எதுக்குன்னு பூடுவாரு. போன மழையில எங்க அடுப்பு மெதந்துச்சுண்ணா."

வெயில் படத்தை வாங்கி மேசையில் விரித்தார்.

"உன் ஊடு எதும்மா?"

செல்வி விரல் வைத்துக் காட்டினார். வெயில் கணினிக்குப் போய், பல் பிடுங்கக் கொடுப்பவர் முகத்தோடு சூரியனை வடமேற்குக்கு நகர்த்தினார். குன்று பள்ளமானது. ஆனால் தட்டையான ஊர், லேசான குழிதான். உயர வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி ஒன்று உண்டு.

"இன்னும் பள்ளமாக்கட்டா?"

"ஆக்குண்ணா. நேர்ல இதவிட பேஜாரு."

கூட்டினார். குடியிருப்பு கிணறாகியது.

"இப்ப மட்டும் பொய் இல்லியா வெயிலு?" என்றார் முதலாளி.

"பொய்தான் சார். சூரியன் ஊட்ல தண்ணி பூராது."

படத்தின் மூலையில், 'உயரம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது' என்று வழக்கமாக எழுதுவோம். அதன் கீழே அவர், 'சூரியனும் இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று சேர்த்தார்.

கால்வாய் செல்வியின் குடியிருப்புப் பக்கமே வந்தது. எங்கள் படங்களையெல்லாம் ஊர்வாரியாக, அகர வரிசையில் கணினியில் சேமிப்பது நான். அந்த ஒன்றை மட்டும் 'வெயில்' என்ற பெயரில், வரிசைக்கு வெளியே வைத்தேன். வெயில் பின்னாளில் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னும் அதை நகர்த்த மனம் வரவில்லை.