நூல் கட்டிய தக்காளி

செயலாளர் தக்காளிச் செடியின் முன் குத்தவைத்து, இலை இலையாகத் தூக்கிப் பார்த்தார். பூ இருந்தது, பிஞ்சு இருந்தது, அரைகுறையாகச் சிவந்தவை நாலைந்து இருந்தன. பழம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். எல்லா வீட்டுக்கும் வாடாத காய் கிடைக்கட்டும் என்று மொட்டை மாடியில் தோட்டம் போட்டவரும் அவர்தான். போட்ட கையோடு ஒரு சட்டமும் போட்டார்: மொத்தமாகப் பறித்து, எடை போட்டு, சமமாகப் பங்கு பிரிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஆறு மாதமாகியும் தராசு புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

அணில்தான் தின்கிறது என்று முடிவுகட்டி வலை கட்டினார். அதில் நான்காம் மாடிக்காரரின் சட்டை சிக்கிக் கிழிந்தது. சத்து போதவில்லையோ என்று எருவைக் கொட்டினார். அந்த வாடை படியிறங்கி வீடு வீடாக நலம் விசாரித்தது. தோட்டத்தை எடுத்துவிட்டுத் துணி காயப்போடக் கொடி கட்டலாம் என்று பேச்சு கிளம்பியது.

செயலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து நம் தக்காளியைத் தின்று பாருங்கள், ருசி இல்லையென்றால் கொடி கட்டுங்கள் என்று வாயை விட்டார். உடனே எல்லாரும் தலையாட்டியது அவருக்கே வியப்பாக இருந்தது.

"பழமே இல்லாம எதைத் திங்கக் கொடுப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அது என் பாடு. நூல்கண்டு எங்க இருக்கு?"

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து கொழுகொழு தக்காளியாகப் பொறுக்கி வந்து, பச்சை நூலால் செடிகளில் கட்டினார். அவற்றுக்குப் பக்கத்தில் செடியில் இருந்த அரைப்பழங்கள் சோனியாகத் தெரிந்தன. அவற்றைக் கிள்ளி எறிந்தார்.

மறுநாள் மாடியே சிவந்திருந்தது. செடி நோகக் கூடாது என்று சொல்லி, கத்தரிக்கோலால் அவரே வெட்டி, நறுக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வாயில் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெல்லுவதும் மெதுவானது. கொடி கட்டலாமா என்று அவர் கேட்டதும் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எருவாடையைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூடத் தூக்கிவிட்டார்கள்.

பிள்ளை மாதிரி வளர்த்த செடிகள். முதல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். முதல் மாடி அம்மா வழிமறித்து ஆறுதல் சொன்னார்.

"மனசை விட்றாதீங்க தம்பி. நீங்க பங்கு பிரிக்கிறதுக்குள்ள அழுகிடுமேன்னு, உங்களுக்குத் தெரியாம நாங்க எல்லா வீடும் முறைபோட்டு ஆறு மாசமா விடியக்காலையில பறிச்சுத் தின்னோம். என்னா ருசி! இன்னைக்குத்தான் செடிக்கு என்ன வந்துச்சோ, இதுக்குக் கடைத் தக்காளியே தேவலாம்."