கம்பவுண்டரின் மூன்றாவது அலை

காலை ஏழு அடிக்க ஐந்து நிமிஷம். மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் டிஸ்பென்சரியின் பலகைக் கதவு பாதி திறந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மண்டைக் கட்டு. நெற்றி முதல் பிடரி வரை வெள்ளைப் பாண்டேஜ் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. கட்டுக்குக் கீழே, கம்பவுண்டருக்குரிய காக்கிக் கோட்டு.

எனக்குக் காய்ச்சல். ஒரு தினசரியில் நிருபராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டேன். கட்டுப் போட்டவர் பதில் சொல்லவில்லை. தலையும் அசைக்கவில்லை. ஒரு விரலால் பெஞ்சைக் காட்டினார். பெஞ்சில் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பவுண்டருக்கே மண்டை ஒடஞ்சு கெடக்கு. நம்மளை எங்கிட்டுப் பாக்கப் போறாக? நான் போறேன்ப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

ஏழரைக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. உள்ளே காயம் இல்லை. நெற்றிக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அலைகள், கத்தியால் வகுந்தமாதிரி விளிம்போடு நின்றன. பின்னால் தோள்வரை சுருள்கள். கம்பவுண்டர் சுவரில் மாட்டிய கண்ணாடியில் மூன்றாவது அலையைச் சரிபார்த்துக்கொண்டு, அதன் பிறகே வாயைத் திறந்தார்.

"காய்ச்சல் எம்புட்டு நாளா தம்பி?"

மதுரையில் தலையை அவரைப்போல் சுமந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. மற்றவர்களுக்கு உடம்பின்மேல் தலை இருந்தது. அவருக்குத் தலையைத் தாங்குவதற்காக உடம்பு இருந்தது. அவர் பெயர் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் கம்பவுண்டர், அவ்வளவுதான்.

யுத்த காலம். மதுரை இளவட்டங்களில் பாதிப்பேர் எண்ணெய் தடவிப் படிய வாரிய கிராப்புத் தலை, மீதிப்பேர் நாடகக்காரர்களைப் பார்த்துத் தோள்வரை வளர்த்த தலை. இரண்டுக்கும் அடங்காதவர்கள் சுருட்டை முடிக்காரர்கள். கம்பவுண்டர் அந்த இனம். ஆனால் இங்கிலீஷ் படக் கொட்டகையின் வாசலில் ஒட்டிய போஸ்டர்களில் உள்ள ஆண்கள் பெண்கள் எல்லாருடைய தலையிலும் எந்த அலை இருந்ததோ, அதைத் தன் சுருட்டையில் எழுப்பிக் காட்டுவது என்று அவர் சபதம் எடுத்திருந்தார்.

கருவி அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. மிக்ஸ்சரில் மருந்துத் தூள் அடியில் தங்கிவிடாமல் இருக்க ஒரு கோந்துத் தண்ணீர் கலப்பார்கள். விடியற்காலையில் தலையை நனைத்து, அந்தக் கோந்தைத் தடவி, இரண்டு விரல்களால் முடியை இடுக்கி முன்னுக்கும் பின்னுக்குமாகத் தள்ளி, மேடும் பள்ளமுமாக்கி, மேலே பாண்டேஜைச் சுற்றிவிடுவார். காயும்வரை சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, குனியக் கூடாது. சிரித்தால் நெற்றித் தோல் ஏறும். ஏறினால் மூன்றாவது அலை உடையும்.

"நேர்முடி இருக்கே தம்பி, அது சம்பளக்காரன். நில்லுன்னா நிக்கும்" என்பார். "சுருட்டை முடி தலைதீவாளிக்கு வந்த மாப்ள. அதட்டினா முறுக்கிக்கிட்டுப் போயிரும். ஈரமா இருக்கையிலயே தாஜா பண்ணிக் காரியத்தை முடிச்சுக்கிரணும். காஞ்ச பொறகு சீப்பை எடுத்தியோ, ஊரைக் கூட்டிரும்."

கோந்துத் தண்ணீரை அவர் மருந்துச் சீசாவிலேயே வைத்திருந்தார். வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டைகூட அதன்மேல் ஒட்டியிருக்கும். ஆனையூர்க்காரர் ஒருவர் சீசாவை மாற்றி எடுத்துப்போய், ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தார். திரும்பி வந்து, "அந்த மருந்தே குடுங்கய்யா. இருமல் கப்புன்னு நின்னுபோச்சு" என்றார். தான் எழுதிய மருந்து என்ன என்று டாக்டர் வெகுநேரம் யோசித்தார்.

பக்கத்துத் தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அடர்ந்த சுருட்டை முடி. பிரிவுபசாரத்துக்குப் படம் எடுக்கிறார்கள். போஸ்டரில் உள்ள மாதிரி காதோரம் அலை வேண்டும். பெண்பிள்ளை தலையில் கை வைக்க முடியாது. கம்பவுண்டர் மருந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று தன் தலையில் செய்து காட்ட, டீச்சர் அந்தப் பக்கம் நின்று தன் தலையில் செய்தார்.

"ரெண்டு விரலை இடுக்கி மாதிரி வையுங்க. இப்பத் தள்ளுங்க. தைரியமாத் தள்ளுங்கம்மா, கடிச்சிராது."

எதிரெதிரே நின்றதால், அவர் இடப்பக்கம் எடுத்த வகிடு டீச்சருக்கு வலப்பக்கம் விழுந்தது. அதை டீச்சர் மற்ற டீச்சர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடிக்காரர்கள் அத்தனை பேருக்கும் வலப்பக்க வகிடு. தலைமையாசிரியை அதுதான் புது மோஸ்தர் என்று நம்பித் தானும் மாற்றிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு நேர்முடி.

என் தலையும் சுருட்டை. அவர் முதல் தடவை அதற்கு அலை எழுப்பி அனுப்பிய அன்று, ஆபீஸ் வாசலில் காவல்காரர் என்னை நிறுத்தி யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்.

இதெல்லாம் வெளித்தோற்றம். கம்பவுண்டருக்கு உள்ளே ஒரு ஆசை இருந்தது. பாட்டு.

"ஒரு ராத்திரி மேடையில நின்னு பாடிரணும் தம்பி. ஒரே ஒரு ராத்திரி. அம்புட்டுத்தான். அப்பறம் காலம் பூரா மாத்திரை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் பாடும்போது சுருதி ஒரு பக்கம் நிற்கும், அவர் ஒரு பக்கம் நிற்பார், நடுவில் டிஸ்பென்சரி இருக்கும். அவர் பாட ஆரம்பித்தால் டாக்டர் உடனே ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை எதிரில் இருப்பவரின் நெஞ்சைப் பரிசோதிப்பார். கட்டை விரலில் முள் குத்தி வந்தவருக்கும் நெஞ்சுதான்.

அந்த வருஷம் ஒரு நாடகக் கம்பெனி வைகைக் கரையோரம் கொட்டகை போட்டிருந்தது. அதன் மேனேஜர் தொண்டைக் கட்டோடு ஒருநாள் காலையில் டிஸ்பென்சரிக்கு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். மேனேஜர் தம் உத்தியோகத்தைச் சொன்னதும் கம்பவுண்டரின் கை நின்றது. தலையில் கட்டு அவிழ்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பக்கம் இன்னும் ஈரம். எனக்குத் தெரிந்து அன்றுதான் முதன்முறையாக, முடி காய்வதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

பாடினார். கிருஷ்ணன் பாட்டு. மூலையில் ஊசிக்கு அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடினார். மேனேஜர் மட்டும் கண்கொட்டாமல் நின்றார். அவர் பார்வை பாடகரின் வாயில் இல்லை. நெற்றிக்கு மேலே இருந்தது.

பிறகு உள்ளறையில் மேனேஜர் பேசியதை டாக்டர் பின்னொரு நாள் எனக்குச் சொன்னார்.

"டாக்டர், இந்தக் கம்பவுண்டரை எனக்குக் குடுங்க. கிருஷ்ணன் வேஷம்."

"பாட்டைக் கேட்டீகல்ல?"

"கேட்டேன். தொண்டைக்கு வந்தவன், காதுக்கும் மருந்து வாங்கிக்கிட்டுப் போகணும்போல இருக்கு. பாட்டுக் கெடக்குது, திரைக்குப் பின்னால ஒருத்தனை வச்சுப் பாடிக்குவோம். எனக்கு அந்தத் தலை வேணும். போன ஊர்ல கோவர்த்தன மலையைத் தூக்குறப்ப டோப்பா மலையோட மேல போயிருச்சு. கிருஷ்ணன் மொட்டையா நிக்கிறான். சனம் சிரிச்ச சிரிப்புல கம்சன் அழுதுட்டான்."

டாக்டர் வெளியே வந்து கம்பவுண்டரிடம் விஷயத்தைச் சொன்னார். பாதியைத்தான் சொன்னார்.

"உன்னைக் கிருஷ்ணன் வேஷத்துக்குக் கேக்குறாகப்பா. வெள்ளிக்கிழமை வரச் சொல்றாக."

கம்பவுண்டர் மருந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டுப் பிடிச்சுப்போச்சா அய்யா?"

"பிடிக்காமயா" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் பஸ் நிற்கும் இடத்தில் கம்பவுண்டரைப் பார்த்தேன். கரி அடுப்பை முதுகில் கட்டிய யுத்தகால பஸ் புகைந்துகொண்டிருந்தது. அவர் வேஷ்டி துவைத்துக் கட்டி, கையில் தேங்காய்ப் பையோடு நின்றார். பரவை கிராமத்திலிருந்து வந்த அவருடைய அம்மா ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணே?"

"அழகர்மலைக்குப் போறேன் தம்பி. வேஷம் கெடைச்சா செய்யிறேன்னு ஒரு நேர்த்தி. சாமி குடுத்த பொறகு தள்ளிப்போடக் கூடாதுல்ல."

அந்தப் பக்கத்து நேர்த்திக்கடன் என்றால் எனக்குத் தெரிந்தது கிடாவெட்டு. "எங்களுக்குச் சோறு உண்டா?" என்றேன்.

"சின்ன நேர்த்தி தம்பி. அதுல ஒருத்தருக்கும் பங்கு கெடையாது" என்று சிரித்தார். முடி காய்ந்திருந்தது, சிரிக்கலாம். "வெள்ளிக்கிழமை நீயும் வா. பேப்பர்ல போடணும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் நாடகக் கொட்டகையில் இருந்தேன். ஆர்மோனியக்காரர் துணியால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பீதாம்பரத்தை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. கம்பவுண்டர் உள்ளே வந்தார். தலை முழுக்க மொட்டை. அதன்மேல் சந்தனம்.

மேனேஜர் நிமிர்ந்தார். "யாருய்யா நீ?"

"கம்பவுண்டர்ங்க. கிருஷ்ணன்."

"தலை எங்கய்யா?"

"மலையில எறக்கிட்டேங்க. சாமிக்கு நேந்தது. வேஷம் குடுத்த சாமிக்குச் செய்யாம மேடையேறினா நல்லா இருக்குமா?"

மேனேஜர் கையிலிருந்த பீதாம்பரம் மெதுவாகத் தரையில் இறங்கியது. கம்பவுண்டர் அவரைத் தேற்றும் குரலில் சொன்னார்: "அதுக்கென்னங்க, டோப்பா வச்சுக்கிருவோம்."

"டோப்பா வச்சுக்கிட்டு நிக்க எங்கிட்டயே ஆள் இருக்கேய்யா!"

"பாட்டு இருக்குல்லங்க?"

மேனேஜர் ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் கட்டைகளைப் பார்த்தார். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாட்டு இருக்குங்க" என்றார் மேனேஜர். "பாட்டுக்கு என்னங்க. அடுத்த தடவை வரும்போது பாப்போம்ங்க."

'யாருய்யா' என்று ஆரம்பித்தவர் 'பாப்போம்ங்க' என்று முடித்தார். அந்த மரியாதையில்தான் கம்பவுண்டருக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். கை தானாக நெற்றிக்கு மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் சந்தனத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது.

திரும்பி நடந்தோம். ஆற்றங்கரையிலிருந்து மேலமாசி வீதி வரை அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"பேப்பர்ல போட்டுராத தம்பி."

டிஸ்பென்சரியில் டாக்டர் அவர் தலையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கம்பவுண்டர் கோட்டை மாட்டிக்கொண்டு மருந்து மேஜைக்குப் பின்னால் போனார். வரிசையாகச் சீசாக்களை நகர்த்தி வைத்தார். பிறகு டாக்டரைப் பார்க்காமல் கேட்டார்.

"அவுக கேட்டது பாட்டை இல்லையாய்யா?"

"ரெண்டையும்தாம்ப்பா."

டாக்டர் கெட்டிக்காரர். நாடி பிடித்தே டைபாய்டு சொல்வார். பொய் சொல்ல மட்டும் வராது. அன்று மாலை அவர் என்னிடம் சொன்னார்: "மனுசன் அம்புட்டுச் சந்தோசமா நிக்கிறான். உன் பாட்டு இல்லப்பா, உன் மசுருதான்னு எப்படிச் சொல்லுவேன்? சொல்லியிருந்தா மலைக்குப் போயிருக்க மாட்டான். சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

முடி என்னவோ வளர்ந்தது. முன்னைவிட நெருக்கமாக, முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்தது. அதற்குள் கம்பெனி கொழும்புக்குப் போய்விட்டது. கம்பவுண்டர் தம் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். விடியற்காலையில் பாண்டேஜ் கட்டு இல்லை. எந்நேரமும் பேசலாம், சிரிக்கலாம், குனியலாம். எதற்கும் தடை கிடையாது. மருந்து எந்த வேளைக்கு என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை. பாட்டும் நின்றது. ஸ்டெதாஸ்கோப் டாக்டரின் காதில் தேவைக்கு மட்டும் ஏறியது. அதற்காக டாக்டர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

மற்றவர் தலைகளுக்கு மட்டும் அலை எழுப்புவதை அவர் விடவில்லை. மாப்பிள்ளைகள் வந்தார்கள், டீச்சர்கள் வந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு இப்போது வெறும் விரல்களால் காற்றில் செய்து காட்டினார்.

எனக்குக் கல்யாணம் ஐப்பசியில். முகூர்த்த நாளன்று விடியுமுன், கேட்காமலே, கோந்துச் சீசாவும் பாண்டேஜ் சுருளுமாக நான் தங்கியிருந்த ஜாகைக்கு வந்து நின்றார். என்னை முக்காலியில் உட்காரவைத்து, தலையை நனைத்து, விரல்களால் தள்ளித் தள்ளி, கடைசியில் கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பெண் வீட்டுக்காரர்களில் ஒருவர் காப்பிச் செம்போடு எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், மாப்ளைக்கு மண்டை ஒடஞ்சுபோச்சுடோய்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கம்பவுண்டர் என் தோளை அழுத்தினார்.

"சிரிச்சிராத. மூணாவது அலை."

நான் அசையாமல் இருந்தேன். அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றார். அப்புறம், மிகத் தணிந்த குரலில், கிருஷ்ணன் பாட்டை ஆரம்பித்தார். சுருதி வழக்கம்போல் வேறு எங்கேயோ நின்றது. எனக்குப் பேசவோ திரும்பவோ அனுமதி இல்லை. முடி காயும்வரை பாடினார்.

ஐப்பசி மாதம். ஈரக்காற்று. முடி காய வெகுநேரம் ஆயிற்று.