தொக்கில் எடுத்த அளவு

எனக்குக் கணக்கு நன்றாக வரும். சமையல்தான் வராது. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பொன்னேரியில் ஒரு பட்டறையில் லேசர் மெஷினில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெட்டுவது என் வேலை. கம்ப்யூட்டரில் கோடு போட்டால் போதும், மயிரிழை பிசகாமல் வெட்டித் தரும். (தப்பாகக் கோடு போட்டாலும் மயிரிழை பிசகாமல்தான் வெட்டும். அதை அப்போது நான் யோசித்ததில்லை.)

ஏரியோரம் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவில் இறால் வாங்கும் வியாபாரியின் மகள் கலாவை எனக்குப் பேசியிருந்தார்கள். பூ வைக்க நாள் குறிக்கும்போது அவர் ஒரு குண்டைப் போட்டார்.

"லேசரு லேசருன்றியே, இன்னா கிழிக்கிறேன்னு நான் கண்ணால பாக்கணும். எறா பிரிக்க ஒரு சல்லடை பண்ணி எடுத்துக்கினு வா. அப்புறம் பூ வைக்கலாம்."

சின்ன இறால் கீழே விழவேண்டும், பெரியது மேலே நிற்கவேண்டும். விழவேண்டிய அளவுக்கு மாதிரியாக ஐந்து இறாலைக் கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கவரை அடுப்படியில் வைத்தேன். அடுப்படியில் இறாலைப் பார்த்தால் எங்கள் அம்மா வேறென்ன செய்வார்? மறுநாள் பட்டறையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஐந்தும் தொக்காகக் கிடந்தன.

புத்தியுள்ளவன் வேறு இறால் தேடியிருப்பான். நானோ, "இறால் அதேதானே, அளவு எங்கே போய்விடும்?" என்று நினைத்தேன். மசாலாவைக் குழாயடியில் கழுவி, ஒவ்வொன்றாக வெர்னியரில் பிடித்து அளந்தேன். பிறகு சோற்றோடு சாப்பிட்டும் விட்டேன். (ஓட்டை உரித்து வேகவைத்தால் இறால் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.)

இரண்டு எம்.எம். தகட்டில் வரிசை வரிசையாக நீளத் துளைகள். ஓரமெல்லாம் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன். ஊரே கூடியிருந்தது. மாமனார் ஆகவேண்டியவர், விற்க வந்த ஒருவரின் கூடை இறாலைக் கொட்டிக் குலுக்கினார். தண்ணீர் மட்டும் விழுந்தது. மறுபடியும் குலுக்கினார். அதற்குப் பிறகு தண்ணீரும் விழவில்லை.

"அட, அத்தினியும் பெரிய எறா! மிஷினே சொல்லிடுச்சு!" என்று கத்தினார் கூடைக்காரர்.

அவ்வளவுதான். படகில் இருந்தவர்களெல்லாம் கூடையோடு வரிசையில் நின்று பெரிய இறால் விலை கேட்டார்கள். அந்த வரிசையில் என் நைனாவும் நின்றதுதான் கொடுமை.

வியாபாரி சல்லடையை என் கையில் திணித்தார். "பூவும் வாணாம், ஒண்ணும் வாணாம். எடுத்துக்கினு கெளம்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தராசுப் பக்கம் நின்றிருந்த கலா வந்தாள். ஒரு குட்டி இறாலை எடுத்துத் துளையில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா வச்சு அளவு எடுத்தீங்க?"

சமாளிக்க ஆயிரம் பொய் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"தொக்கு," என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"நைனா, பூ வைக்க நாளு பாரு. இவரால எதையும் ஒரு நிமிசம் மறைச்சு வெக்க முடியாது. எனக்கு அது போதும்."

கல்யாணச் சட்டைக்குத் தையல்காரர் டேப்போடு வந்தபோது மாமனார் கேட்டார்: "பச்சையா அளக்கறியா, வெந்தப்புறமா?" அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. போன வாரம் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனபோது என் ஐந்து வயது மகளே அதைக் கேட்டாள். அவளுக்கு இன்னும் இறால் உரிக்கக்கூடத் தெரியாது.